இலை வேண்டாம், நரம்பு போதும்

அன்புள்ள ஐயா,

டொரண்டோவில் வசிக்கிறோம். கும்பகோணத்தில் இருக்கும் பாட்டிக்கு இலையுதிர்கால வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டும் என்று என் ஒன்பது வயது மகளுக்கு ஆசை. பூங்காவில் பொறுக்கிய சிவந்த மேப்பிள் இலைகளை அன்றிரவே பசை தடவி ஒட்டினோம். மூன்றாம் நாள் இலை சுருண்டு பழுப்பாகிவிட்டது; அட்டையும் வளைந்துவிட்டது. கடையில் ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். மகள் அழுகிறாள்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

நான் மகள் பக்கம்.

உதிர்ந்த இலையிலும் ஈரம் இருக்கிறது. அதோடு தண்ணீர்ப் பசையும் சேர்ந்தால் தாள் வளையாமல் என்ன செய்யும்? செய்தித்தாளுக்கு நடுவே இலையை வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, நாளுக்கொரு தரம் தாளை மாற்றி ஒன்றிரண்டு வாரம் விட்டிருந்தால் தட்டையாகக் காய்ந்திருக்கும். ஆனாலும் அந்தச் சிவப்பு நிற்காது. மேப்பிளைச் சிவக்க வைக்கும் ஆந்தோசயனின் வெளிச்சத்தில் வெளிறிப்போகும். தவிர, இலை தழைகளைத் தபாலில் நாடு கடத்தக் கட்டுப்பாடுகள் உண்டு. பாட்டிக்கு அனுப்பிய இலை சுங்கத்தில் மாட்டிக்கொள்வானேன்?

அதனால் இலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு அதன் நரம்பை அனுப்புங்கள். காய்ந்த இலை நொறுங்கும். துவளும் இலையாகப் பார்த்து எடுங்கள். நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே வரும்படி வைத்து, சாதாரண ஏ4 தாளால் மூடுங்கள். கெட்டி அட்டையில் நரம்பு எழும்பாது. மெழுகு கிரேயானின் காகிதச் சுற்றைக் கிழித்துவிட்டு, படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். முதலில் மஞ்சள், அதன்மேல் ஆரஞ்சு, விளிம்பில் மட்டும் சிவப்பு. காம்பு சேரும் இடத்திலிருந்து ஐந்து நரம்புகள் விரல் விரித்தாற்போல் எழுந்து வரும். அப்போது அவள் முகத்தைப் பாருங்கள். பிறகு நீர்த்த பழுப்பு வாட்டர் கலரை மேலே ஒரு பூச்சு பூசினால், மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாமல் நரம்புகள் இன்னும் பளிச்சென்று தெரியும்.

காய்ந்ததும் வெட்டி, 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறையாத அட்டையில் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். மடிக்கும் முன் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்துங்கள். மடிப்பு பிசிறில்லாமல் வரும். அக்டோபர் இரண்டாம் திங்களன்று கனடாவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைதானே, ஒரு மதியம் போதும்.

உள்ளே என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ‘இனிய இலையுதிர்கால வாழ்த்துகள்’ என்றால் பாட்டிக்கு ஒன்றும் விளங்காது. அங்கே அப்போது ஐப்பசி அடைமழை. ஆனால் உதிரும் முன் சிவக்கும் மரம் நம்மூரிலும் உண்டு: நாட்டு வாதுமை. அதன் இலை ஒன்றை இதேபோல் தேய்த்து அனுப்பும்படி பேத்தி கேட்கட்டும். கிரேயானை உறைக்குள் வைக்க வேண்டாம், தபால் கட்டணம் ஏறும். கும்பகோணத்திலேயே கிடைக்கும்.