சட்டமன்றத்தில் மசோதா 'நிறைவேறியது' என்றால் சட்டமாகிவிட்டதா? தீர்மானம் என்பது வேறா? இதையெல்லாம் நாம் ஏன் கவனிக்க வேண்டும்?

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் ஏழு வருடம் சேலைப் பிரிவில் நின்றவள் நான். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். சாப்பிடும் இருபது நிமிடம்தான் உட்காரும் நேரம். வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் மடித்த சேலையையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டு நிற்போம். கேமராவில் உட்கார்ந்தது தெரிந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். எனக்கு இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, 2019இல் வேலையை விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, 2021 செப்டம்பரில், அங்கே இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா போன் செய்தார். "ஏய், நாம உட்காரலாம்னு சட்டம் வந்துருச்சாம்டி, டிவில சொன்னாங்க" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வந்தது சட்டம் இல்லை. அந்த மாதம் 6ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவையில் ஒரு மசோதாவை அறிமுகம் செய்திருந்தார், அவ்வளவுதான். அந்த வித்தியாசம் எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது. நீங்கள் கேட்பதும் அதைத்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

மசோதா என்பது சட்டமாக வேண்டும் என்று அவையில் வைக்கப்படும் வரைவு. தமிழ்நாடு அரசின் தாள்களில் இதற்குச் 'சட்டமுன்வடிவு' என்று பெயர். முதலில் அறிமுகம். பிறகு ஒரு நாள் ஆய்வுக்கு எடுத்து, கூறு கூறாக ஒப்புதல் கேட்டு, குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றுவார்கள். மறுநாள் பேப்பரில் 'நிறைவேறியது' என்று வருவது இந்தக் கட்டத்தைத்தான். இதற்குப் பிறகு அது ஆளுநரிடம் போக வேண்டும். அரசியலமைப்பின் 200ஆவது பிரிவின்படி அவர் ஒப்புதல் தரலாம், மறுபரிசீலனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பலாம் (பண மசோதாவைத் திருப்ப முடியாது), அல்லது குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். ஒப்புதல் கிடைத்து, அரசு தன் சட்டங்களையும் அறிவிப்புகளையும் வெளியிடும் அரசிதழில் வந்தால்தான் அது சட்டம். அப்போதும் சில சட்டங்களில் 'அரசு அறிவிக்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த நாளை அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் மசோதா சீக்கிரம் போனது. அந்தக் கூட்டத்தொடரிலேயே நிறைவேறி, ஒப்புதலும் கிடைத்து, 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதுப் பிரிவாகச் சேர்ந்தது. சேர்ந்தது மிகச் சின்னப் பகுதி. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றபடியே இருக்கக் கூடாது. சாரம் இவ்வளவுதான். கேரளத்தில் இது 2018லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கியது அது. அவர்களை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு மசோதாவின் கடைசியிலும் 'நோக்கக் காரண விளக்கவுரை' என்று ஒரு பகுதி இருக்கும். ஏன் இந்தச் சட்டம் வேண்டும் என்று அரசே தன் வாயால் சொல்லும் இடம் அது. எங்கள் மசோதாவில் அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைகளில் வேலை செய்பவர்கள் வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கப்படுகிறார்கள், அதனால் பலவித உடல்நலக் கோளாறுகள் வருகின்றன என்று அதில் இருந்தது. ஏழு வருடம் "உனக்கு மட்டும் என்ன கால் வலி" என்று கேட்டுக்கேட்டு, குறை என் உடம்பில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். சட்டமன்றத்தில் வைத்த ஒரு தாள் அப்படி இல்லை என்று சொன்னது. மசோதாவைச் செய்தியாக மட்டும் படிக்காமல் மூலத்தைப் படிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். சட்டமன்றப் பேரவையின் இணையதளத்தில் மசோதாக்கள் தமிழிலேயே கிடைக்கும். நடை கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். முதலில் அந்த விளக்கவுரையைப் படித்துவிட்டுப் பிறகு மேலே போனால் புரியும்.

சட்டம் வந்த பிறகும் அந்தக் கடையில் நாற்காலி வரவில்லை. அக்கா அரசிதழ் நகலைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டார். இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மேலாளரிடம் காட்டினார். இரண்டு மாதத்தில் தளத்துக்கு நான்கு ஸ்டூல் வந்தது. பதினெட்டுப் பேர் நிற்கும் தளம் அது. போதாதுதான். ஆனால் கையில் தாள் இல்லாமல் போயிருந்தால் அந்த நான்கும் வந்திருக்காது.

இப்போது நேர் எதிரான ஒரு கதை. 2023 ஏப்ரல் 12ஆம் தேதி, தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான ஒரு திருத்த மசோதா அறிமுகமானது. தினசரி வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க வழி செய்யும் மசோதா அது. ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாளில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியில் இருந்த கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. 24ஆம் தேதி முதல்வர் அதை நிறுத்தி வைத்தார். மே 1ஆம் தேதி சென்னை மே தினப் பூங்காவில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அவையில் நிறைவேறிய பிறகும் சட்டமாகாமலே முடிந்தது அது.

அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவில் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் நான் அதைப் படிக்கவில்லை. தம்பி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில்தான் இருக்கிறான், இருந்தும் படிக்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம். என்னைக் கேட்டால், சாதாரண ஆள் ஒரு மசோதாவைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல இடம் இருப்பது இந்த இடைவெளியில்தான். தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஒரு மனு, சங்கத்துக்கு ஒரு போன், உள்ளூர் நிருபரிடம் ஒரு வார்த்தை என்று எதுவானாலும் அப்போது செய்ய வேண்டும். பிறகு செய்தால் ஏப்ரல் 2023 மாதிரிப் பெரிய போராட்டமாகத்தான் செய்ய வேண்டியிருக்கும். சில சமயம் அந்த இடைவெளியே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பர் 13 அன்று அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. அதன் நோக்கத்தோடு எனக்கு முழு உடன்பாடுதான். ஆனாலும் எந்த மசோதாவுக்கும் சில நாளாவது வெளியில் மூச்சுவிட நேரம் கொடுப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன். கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் வாக்கெடுப்பில் போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

நீட் மசோதாவின் பயணம் இன்னொன்றையும் காட்டுகிறது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 8ஆம் தேதி அவை மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரிடம் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று முதல்வர் அவையில் சொன்னது 2025 ஏப்ரல் 4ஆம் தேதி. மூன்றரை வருடம்! அந்த மூன்றரை வருடமும் 'நிறைவேறிய மசோதா'வை நம்பி எத்தனை பிள்ளைகள் படித்திருப்பார்கள்.

ஆளுநர் எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்ற சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆளுநர் ஒப்புதல் தராத தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்து, காலக்கெடுவும் வகுத்தது. பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக, நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு கருத்துச் சொன்னது. நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணம் சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கும்படி சொல்லலாம் என்றது.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். தீர்மானம் என்பது அவையின் கருத்து, கோரிக்கை. அது ஆளுநர் ஒப்புதலுக்குப் போகாது, அரசிதழில் சட்டமாக வராது, அதை மீறினால் அபராதம் எதுவும் இல்லை. "அப்படியென்றால் வெறும் பேச்சுதானே" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் மேலூர்ப் பக்கத்துப் பெண். என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

2024 நவம்பர் 7ஆம் தேதி, எங்கள் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலத்தில் போய்விட்டது என்று மத்திய அரசு அறிவித்தது. இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல். அதற்குள் அரிட்டாபட்டியும் வருகிறது. ஏழு மலை, பாண்டியர் காலக் குடைவரை, சமணப் படுக்கை, தமிழி கல்வெட்டு என்று எல்லாம் இருக்கும் ஊர் அது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசே அறிவித்த இடம்.

'மாநில அரசு ஒரு சட்டம் போட்டுத் தடுக்கக் கூடாதா' என்று என் மாமா கேட்டார். அது அவ்வளவு எளிதில்லை. கனிம வளச் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தத்தின்படி, டங்ஸ்டன் உட்பட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் போய்விட்டது. மாநில அவையிடம் மிச்சமிருந்தது தீர்மானம்தான். டிசம்பர் 9 அன்று அது கொண்டுவரப்பட்டது. எதிர்க்கட்சியான அதிமுகவும் ஆதரிக்க, நிறைவேறியது. அதற்கு முன்பே எங்கள் கிராமசபைகள் தீர்மானம் போட்டிருந்தன. ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்தே போனார்கள். சுருட்டிய நரம்போடு நானும் பாதித் தூரம் நடந்தேன். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. வெடி வெடித்துக் கொண்டாடினோம்.

ரத்து செய்தது தீர்மானம் இல்லை, ஊர்கள்தான். ஆனால் பஞ்சாயத்துத் திண்ணையில் பேசியதை 234 பேர் இருக்கும் அவை எடுத்துச் சொன்னபோது, 'ஏதோ நாலு ஊர்ச் சத்தம்' என்று யாராலும் தள்ள முடியவில்லை. அந்த வேறுபாட்டை நான் ஊருக்குள் இருந்தே பார்த்தேன். தீர்மானம் போட்ட மறுநாள் எங்கள் டீக்கடையில் பேச்சே மாறிவிட்டது.

தீர்மானத்தின் பலம் தெரிய வேண்டுமானால் நம் மாநிலத்தின் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயர் வேண்டுமென்று 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956இல் உயிரை விட்டார் சங்கரலிங்கனார். 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அடுத்த வருடம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14 முதல் மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. சில தீர்மானங்களுக்கு அரசியலமைப்பே வலு கொடுத்திருக்கிறது. அதுவரை மாநிலத்தில் இரண்டாவது அவையாக இருந்த மேலவையை 1986இல் கலைத்தது அப்படித்தான். சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் போட்டு, நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் போட்டது.

சில சமயம் மசோதாவும் தீர்மானமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா 2022 அக்டோபரில் நிறைவேறி, மார்ச்சில் திரும்பி வந்து, 2023 மார்ச் 23 அன்று மறுபடி நிறைவேறியது. ஏப்ரல் 10 அன்று, ஆளுநர்கள் ஒப்புதல் தரக் காலக்கெடு வேண்டும் என்று அவை ஒரு தீர்மானம் போட்டது. அந்த மசோதாவுக்கு ஒப்புதல் வந்ததும் அதே நாள்தான்.

அதனால் அடுத்த முறை செய்தி வரும்போது மூன்று விஷயம் பாருங்கள். மசோதாவா, தீர்மானமா. மசோதா என்றால் அறிமுகமா, நிறைவேறியதா, ஒப்புதலா, அரசிதழா. அப்புறம், யாரிடம் இப்போது இருக்கிறது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் இரண்டு மசோதாக்கள் வந்தபோது, எங்கள் தெருவில் மூன்று சக்கர வண்டியில் தையல் கடைக்குப் போகும் ஒரு அண்ணனிடம் அறிமுகமான அன்றே சொன்னேன். அதிலிருந்து தினமும் சாயங்காலம் "இப்ப எங்கம்மா இருக்கு?" என்று கேட்பார். ஒப்புதல் வந்த செய்தியை அவருக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அரசு விண்ணப்பம் கேட்டபோது, தேவையான சான்றிதழ் எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே ஒரு ஃபைலில் எடுத்து வைத்திருந்தார்.