கணக்கும் காணிக்கையும்: அக்காவிடம் கேளுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, "தேவசித்தத்தை எப்படி அறிவது?" என்று கேட்கின்றன. அதற்குப் பதில் சொல்ல ஆயர்கள் இருக்கிறார்கள். கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்று, பிறகு சபையில் பொருளாளராகவும் இருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவு, செலவு, பாக்கி. ஆகவே, யாருக்கு நாம் என்ன பாக்கி வைத்திருக்கிறோம் என்று கேட்கிற கடிதங்களையே எடுத்துக்கொண்டேன்.

புதிதாகக் கார் வாங்கியிருக்கிறேன். பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் வசனம் ஒட்ட வேண்டும் என்கிறாள் மனைவி. எனக்கு அது வெளிவேஷமாகத் தோன்றுகிறது. ஒட்டலாமா அக்கா?
– ஒரு சகோதரர், பாளையங்கோட்டை

தாராளமாக ஒட்டுங்கள் தம்பி. ஒட்டிய பிறகு வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் ஆட்டோக்காரரை ஒருமையில் திட்ட முடியாது, அவ்வளவுதான். திட்டினால் அவர் உங்களைப் பற்றி மட்டும் பேச மாட்டார், கண்ணாடியில் எழுதியிருக்கிறவரைப் பற்றியும் பேசுவார். உங்கள் வாய் எப்படி என்று உங்கள் மனைவிக்குத் தெரியும். ஒருவேளை அதனால்தான் ஒட்டச் சொல்கிறாரோ என்னவோ.

எங்கள் வீட்டில் தினமும் இரவு ஏழரைக்குக் குடும்ப ஜெபம். அத்தை ஒரு நாளும் தவறவிட மாட்டார்கள். ஆனால் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்குத் தனி டம்ளர். அது பின்வாசல் ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்த அம்மாவும் நம் சபைதான். கேட்டால், "சுத்தத்துக்காகத்தான்" என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– ஒரு மருமகள், நாசரேத்

சுத்தத்துக்காகவா? உங்கள் அத்தை குடிக்கிற டம்ளரைத் தேய்த்துக் கழுவி அடுக்குகிறவரே அந்த அம்மாதானே. அவர் கை பட்டால் பரவாயில்லை, வாய் பட்டால் ஆகாது என்றால் அதற்குச் சுத்தம் என்று பெயரில்லை. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதற்கு வேறு பெயர் வைத்து ஒழித்திருக்கிறது.

திருவிருந்து நாளில் உங்கள் அத்தையும் அந்த அம்மாவும் ஒரே கிண்ணத்தில்தானே பானம் பண்ணுகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆகிறது, திங்கட்கிழமை காலையில் ஆகாமல் போகிறது. இது நம் சபைகளில் புதிதாக முளைத்த நோயும் அல்ல. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகள் உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். கிறிஸ்துவுக்காக ஊரையும் உறவையும் துறந்த குடும்பங்கள்கூட இந்த ஒன்றை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தன. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நிற்கிறது. செத்தவர்களுக்குக்கூடத் தனி டம்ளர்!

அத்தையிடம் வசனம் சொல்லாதீர்கள். உங்களைவிட அவர்களுக்கு அதிக வசனம் தெரியும். நாளைக்குத் தேநீர் போடும்போது வீட்டு டம்ளர்கள் மூன்றில் ஊற்றுங்கள். அந்த அம்மாவை உள்ளே உட்காரச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து குடியுங்கள். அவரே கூச்சப்பட்டு எழுந்து நிற்பார். அவசரப்படுத்தாதீர்கள், ஆனால் மறுநாளும் அப்படியே செய்யுங்கள். அத்தை முகம் கொஞ்ச நாள் சரியாக இருக்காது. அதன் கோபம் அந்த அம்மாவின் சம்பளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இதை உங்கள் கணவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஜன்னல் திட்டில் இருக்கிற டம்ளரைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொள்ளலாம்.

மூன்று தலைமுறையாக நாங்கள் சபையில் இருக்கிறோம். சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. அதை வைத்துத்தான் எனக்குக் கல்லூரியில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. போன மாதம் ஆயர் பிரசங்கத்தில், சான்றிதழில் ஒரு மதமும் சபைப் பதிவேட்டில் ஒரு மதமும் வைத்திருப்பவர்கள் கிறிஸ்துவை மறுதலிக்கிறவர்கள் என்றார். அம்மா வீட்டுக்கு வந்து அழுதார்கள். என் விசுவாசம் பொய்யா அக்கா?
– ஒரு கல்லூரி மாணவி, விருதுநகர் மாவட்டம்

பொய் இல்லை மகளே. ஆனால் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமும் இல்லை.

முதலில் சட்டம். 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. அதனால்தான் ஆகஸ்ட் 10-ஐத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவர் என்று பதிந்தால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். 18 சதவீத ஒதுக்கீட்டை விட்டுவிட்டு, தாத்தா காலத்திலிருந்தே நிலமும் கடையும் படிப்பும் உள்ளவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். தெரு அதே தெருதான், ஊர் பார்க்கிற பார்வையும் அதேதான், தாள் மட்டும் மாறிவிடும். இதை ஆராய 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவ விசுவாசத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று தீர்ப்பளித்தது. உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதற்காக இதை மறைத்தால் நாளைக்கு நீதான் மாட்டிக்கொள்வாய்.

தாளில் இருப்பது ஒன்று, வாழ்க்கை வேறொன்று என்பதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் "மறுதலித்தல்" என்று பீடத்திலிருந்து சொன்னது எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது. பேதுரு மறுதலித்தது தன் உயிரைக் காத்துக்கொள்ள. உன் அப்பா கையெழுத்திட்டது நீ பள்ளிக்கூடம் போக. அந்தப் பேதுருவையே இயேசு சபை நடுவில் நிறுத்தி ஏசவில்லை, கடற்கரையில் மீன் சுட்டு வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார்.

பொருளாளராக இருந்தவள் என்ற முறையில் உங்கள் ஆயரிடம் எனக்கு ஒரே கேள்விதான். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க ஒரு தலைப்பு, ஒலிபெருக்கிக்கு ஒரு தலைப்பு, கன்வென்ஷன் பந்தலுக்கு ஒரு தலைப்பு என்று உங்கள் வரவு செலவுத் திட்டத்தில் எழுதியிருப்பீர்கள். சான்றிதழை மாற்றிக்கொள்கிற பிள்ளை இழக்கப்போகும் படிப்புச் செலவுக்கு ஒரு தலைப்பு இருக்கிறதா? இருந்தால் பிரசங்கம் செய்யுங்கள், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். இல்லையென்றால், உண்மை பேசுவதற்கான செலவு முழுவதையும் கூலி வேலை செய்கிறவர் தலையில் எழுதிவிட்டு மற்றவர்கள் ஆமென் சொல்வதாக ஆகிவிடும்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தச் சான்றிதழ் நீ குழந்தையாக இருந்தபோது உனக்காக வாங்கப்பட்டது. இனிமேல் வரும் வேலை விண்ணப்பங்களில் நீயே கையெழுத்திடுவாய். அதற்கு முன் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் உன் நிலைமையை முழுதாகச் சொல்லி ஆலோசனை கேள். நான் உன் இடத்தில் இருந்தால் எப்படியாவது தாளை மாற்றவே பார்ப்பேன். ஆனால் எனக்கு ஓய்வூதியம் வருகிறது, உனக்கு வரவில்லை. ஆகவே என் துணிச்சலை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவு உன்னுடையது. எதைத் தேர்ந்தாலும் திருவிருந்துக்கு வருவதை நிறுத்தாதே. அம்மாவையும் கையைப் பிடித்து அழைத்து வா.

எதிர்வீட்டு அக்கா, அம்மன் கோயில் கொடை முடிந்ததும் பொங்கல் கொண்டுவந்து தருவார்கள். சிரித்துக்கொண்டே வாங்கி, அவர்கள் போனதும் கொட்டிவிடுகிறோம். மனது உறுத்துகிறது.
– ஒரு வாசகி, உடன்குடி

உறுத்தத்தான் செய்யும். வாங்கவும் செய்து கொட்டவும் செய்தால் எதிர்வீட்டுக்காரரிடமும் பொய், உங்களிடமும் பொய். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8-ஆம் அதிகாரத்திலிருந்து 10-ஆம் அதிகாரம் வரை இதைப் பற்றித்தான் மல்லுக்கட்டுகிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார், பலவீனமான மனச்சாட்சி உள்ளவனை இடறச் செய்யாதே என்கிறார், விருந்துக்குப் போனால் எதையும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் அவனுக்காகச் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். ஆக, இரண்டு தரப்புக்கும் வசனம் உண்டு. நான் சாப்பிடுகிற கட்சி. உங்கள் மனச்சாட்சி ஒப்பவில்லை என்றால், "அக்கா, படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, தப்பாக நினைக்காதீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கிற கிறிஸ்துமஸ் அதிரசத்தை ஜெபம் பண்ணியதா இல்லையா என்று கேட்காமல் சாப்பிடுகிற மனுஷி, இதையும் புரிந்துகொள்வார்.

ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. மற்றவர்கள் கண்ணீர் விட்டு ஜெபிக்கும்போது நான் மட்டும் நடிக்கிறேனோ என்று இருக்கிறது.
– ஒரு செவிலியர், வேலூர்

சங்கீதம் 88-ஐ எடுத்துப் படித்துப் பார். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை முறையீடுதான். மற்றச் சங்கீதங்களைப் போலக் கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கவில்லை, இருளில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதையும் ஆராதனைப் பாட்டாகச் சேர்த்து வைத்தார்களே! வார்த்தை வராத நாளில் அதையே வாசித்துவிட்டு எழுந்துவிடு. இரவுப் பணியில் நீ நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது உன் கண்ணில் நீர் வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை, அவர் முதுகில் புண் வராமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பிறகு, சரியாகத் தூங்குகிறாயா? அதையும் கவனி.

என் கணவர் சந்தைப் பெண்களுக்குத் தண்டல் விடுகிறார். 8,500 ரூபாய் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். அவசரத்துக்கு வருகிறவர்களுக்குப் பத்து வட்டி. தசமபாகத்தில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். இந்த வருடம் சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசன விழாவுக்கு அரிசி முழுவதும் எங்கள் காணிக்கை, நோட்டீஸில் முதல் பெயர் எங்களுடையது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வியாபாரம் வேறு, விசுவாசம் வேறு" என்கிறார்.
– பெயர் வேண்டாம், திசையன்விளை

கணக்குப் போட்டுவிடுவோம், அது எனக்குப் பழக்கமான வேலை. பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து, ஆண்டுக்கு 120 சதவீதம். தண்டல் பார்க்கச் சாது போல இருக்கும், நூறு நாளைக்கு 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. சராசரியாக அந்தப் பெண்ணின் கையில் இருப்பது ஏறக்குறையப் பாதிப் பணம்தான். அதை வைத்துப் பார்த்தால் இதுவும் ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கணவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் எரிந்துபோனதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் கந்துவட்டிதான்.

வியாபாரம் வேறு என்று உங்கள் கணவர் சொல்வது எந்த வேதத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம், ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே, அவன் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு என்கிறது. சகேயு கதையை ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்தோம், மரம் ஏறியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். இறங்கியதும் அவன் என்ன சொன்னான்? ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திருப்பி என்றான். அதன் பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு.

குற்றம் உங்கள் கணவருடையது மட்டும் அல்ல. யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசைப் பிரதான ஆசாரியர்கள் என்ன செய்தார்கள்? இரத்தக்கிரயம், இதைக் காணிக்கைப் பெட்டியில் போடக் கூடாது என்று விலக்கி வைத்தார்கள். இயேசுவைக் கொல்ல ஏற்பாடு செய்த அந்த மனிதர்களுக்கே அவ்வளவு கூச்சம் இருந்தது. உங்கள் சபைக் குழு அரிசி மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டு, நோட்டீஸில் முதல் பெயராகப் போடுகிறது.

தொழிலை நாளைக்கே விடச் சொன்னால் சண்டை வரும், வேறு ஒன்றும் நடக்காது. அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது தண்டல் நோட்டைக் கேளுங்கள். அசலுக்கு மேல் ஏற்கெனவே கட்டியவர்கள் யார் யார் என்று குறியுங்கள். அந்தக் கணக்குகளை முடித்துவிடச் சொல்லுங்கள், முதலில் கணவனை இழந்தவர்களுடையதை. கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருக்கிற வெற்றுப் பத்திரங்கள், ஏடிஎம் அட்டைகள், ரேஷன் அட்டைகள் பீரோவில் இருந்தால் அசனத்துக்கு முன்பாக உரியவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கடன் கொடுப்பதே தொழில் என்றால் உரிமம் எடுத்து, சட்டம் அனுமதிக்கிற வட்டிக்குக் கொடுக்கட்டும். இதைப் பேசும்போது அவர் கை ஓங்குகிற ஆளாக இருந்தால் தனியாகப் பேசாதீர்கள், உங்கள் அண்ணனையோ ஆயரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தால் அடுத்த வருடம் அரிசி வாங்கப் பணம் போதாது என்று அவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். வேறு யாராவது அரிசி கொடுப்பார்கள், ஆள் கிடைக்காவிட்டால் அந்த ஒரு வருடம் சபையார் எல்லோரும் கஞ்சி குடிப்போம்.