ஆறு வருஷத்துக்கு அபராதம் கட்டாதீர்கள்

கேள்வி: ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 2012-லிருந்து 7 வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். 2019-ல் மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அப்போது சம்பளம் 22,000 ரூபாய். இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. திரும்ப வேலை தேடினால், "ஆறு வருஷம் சும்மாதானே இருந்தீங்க" என்று சொல்லி 12,000 தருகிறேன் என்கிறார்கள். வேன், டியூஷன் போக அதில் என்ன மிஞ்சும் என்கிறார் கணவர். இடைப்பட்ட வருஷங்களுக்கு அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வாங்கவே வாங்காதீர்கள். பொய் என்பது ஒரு காரணம். உடனே பிடிபடும் என்பது இன்னொன்று. உங்கள் பி.எஃப். கணக்கில் 2019-க்குப் பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்று எச்.ஆர். பார்த்துவிட்டால், சான்றிதழ் தந்தவருக்குப் போன் போகும். அப்புறம் உங்களுடைய உண்மையான 7 வருஷத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த 7 வருஷத்தின் மதிப்பு உங்களுக்கே தெரியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 2017 ஜூலையில் வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தது. போர்ட்டல் திணறியதும், ரீஃபண்டுக்காக ஏற்றுமதியாளர்கள் அலைந்ததும் திருப்பூருக்கே தெரியும். அப்போது நீங்கள் கம்பெனிக்குள் உட்கார்ந்து கணக்கை மாற்றியவர். பயோடேட்டாவில் இதை முதல் வரியாகப் போடுங்கள். "2019–2025: குழந்தை வளர்ப்புக்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன்" என்பதற்கு ஒரே ஒரு வரி போதும். விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

ஆனால் இந்த ஆறு வருஷத்தில் உங்கள் தொழிலில் நிறைய மாறிவிட்டது. அதை மூடி மறைத்துப் பயனில்லை, படித்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் பழகிய கணக்கு மென்பொருளான டேலி ஈ.ஆர்.பி. 9-க்குப் பதிலாக 2020-ல் டேலி பிரைம் வந்துவிட்டது. உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க, அதே வருஷம் வந்த ஜி.எஸ்.டி.ஆர்-2பி (விற்றவர்கள் காட்டிய வரிகளின் மாதப் பட்டியல்) என்பதோடு பில்களை ஒத்துப் பார்க்க வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட்டிலிருந்து இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவு செய்த பில்) கட்டாயம். சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை 45 நாளுக்கு மேல் இழுத்தால், வருமான வரிக் கணக்கில் பணம் கொடுத்த வருஷத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். நிட்டிங், சாயம், பிரின்டிங் என்று ஜாப் ஒர்க் பில் குவிகிற உங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 சதவீத ஜி.எஸ்.டி. அடுக்குகளை எடுத்துவிட்டார்கள். 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18.

மலைத்துப் போகாதீர்கள். வாட்டிலிருந்து ஜி.எஸ்.டி.க்கு மாறியதில் பாதிகூட இல்லை இது. ஒரு ஆடிட்டர் ஆபீசில், ரிட்டர்ன் நெருக்கடி இருக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை பகுதி நேரமாக உட்காருங்கள். அந்தச் சமயத்தில் அவர்களுக்கும் கை தெரிந்த ஆள் தேவைப்படும். மூன்று மாதத்தில் எல்லாம் விரலுக்கு வந்துவிடும், உண்மையான அனுபவச் சான்றிதழும் கிடைக்கும்.

12,000-க்குச் சரி என்று சொல்லாதீர்கள். அது புதிதாகப் படித்து முடித்து வருபவருக்குத் தருகிற சம்பளம். வேறு வழியே இல்லை, குறைத்துத்தான் சேர வேண்டும் என்றால், மூன்று மாதம் கழித்து எவ்வளவு என்பதை அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். "பார்த்துப் பண்ணுவோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பிச் சேர்ந்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கணவருக்கு. சார், வேன் பணத்தை ஏன் மனைவி சம்பளத்தில் மட்டும் கழிக்கிறீர்கள்? மகள் இரண்டு பேருக்கும்தானே? செலவில் பாதியை உங்கள் சம்பளத்தில் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். முதல் வருஷச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் ஐந்தாம் வருஷத்தையும் பாருங்கள். ஆண் பெண் வருமான இடைவெளியில் பெரும்பகுதி முதல் குழந்தைக்குப் பிறகே விழுகிறது என்று காட்டிய கிளாடியா கோல்டினுக்கு 2023-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான்.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 2017-லேயே சொல்லிவிட்டது. காப்பகத்துக்கு ஓர் அறை ஒதுக்க மனமில்லாமல், வேலை தெரிந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வரும்போது பாதிச் சம்பளம் பேசுவது அநியாயம்.

கடைசியாக ஒரு வேலை. பழைய கம்பெனியில் பி.எஃப். பிடித்திருந்து, நீங்கள் அந்தப் பணத்தை எடுக்காமல் இருந்தால், யூ.ஏ.என். எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்) தேடி எடுத்து வையுங்கள். புதிதாகச் சேரும் இடத்தில் இன்னொரு எண் வாங்காமல் அதையே கொடுங்கள். பழைய சர்வீசும் சேர்ந்து மொத்தம் 10 வருஷம் ஆனால், 58 வயதில் பென்ஷன் உண்டு. உங்களுக்கு இன்னும் மூன்று வருஷம்தான் பாக்கி.