செல்போனும் பிள்ளையும்: பெற்றோரின் கேள்விகளுக்கு மனநல ஆலோசகர் பதில்

கேள்வி: என் மகளுக்கு வயது 14. தினமும் நான்கு மணி நேரம் செல்போனில் இருக்கிறாள். இது அடிமைத்தனம்தானா?

மணிக்கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் உள்ள 11ஆம் பதிப்பில், வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. ‘இணைய அடிமைத்தனம்’ என்று தனி நோய் அதில் இல்லை. விளையாட்டுக் கோளாறுக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் இங்கும் உதவும்: நிறுத்த நினைத்தாலும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டுவது, கெடுதல் தெரிந்தும் விடாமல் தொடர்வது. இவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்துப் படிப்பையும் உறவையும் குலைத்திருக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாளா, தோழிகளைப் பார்க்கப் போகிறாளா என்று கவனியுங்கள்.

கேள்வி: மகன் கேம் விளையாடிக்கொண்டிருந்தபோது கோபத்தில் செல்போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டேன். இரண்டு நாட்களாக என்னுடன் பேசவில்லை.

உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் குழுவாக ஆடும் ஆட்டத்தில் ஒருவன் நடுவில் விலகினால் மற்றவர்களும் தோற்பார்கள். நண்பர்களிடம் அவனுக்குத் தலைகுனிவு. ‘இந்த நிமிடமே வை’ என்பதைவிட ‘இந்த ஆட்டம் முடிந்ததும் வை’ என்ற பேச்சு எடுபடும். பிடுங்கினால் ஒளித்து வைத்துப் பார்க்கத்தான் கற்றுக்கொள்வான். செல்போனைத் திருப்பிக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி விளையாடுவது, யாருடன் விளையாடுகிறாய் என்று கேளுங்கள். குறுக்கே அறிவுரை வேண்டாம். வகுப்பில் கேலி, பாடம் புரியாத அவமானம், வீட்டுச் சண்டை இவற்றிலிருந்து ஒதுங்க இடம் தேடித்தான் பல பிள்ளைகள் அங்கே போகிறார்கள். அந்தக் காரணம் உங்கள் காதில் விழுந்த பிறகு நேரக் கட்டுப்பாட்டை அவனையும் சேர்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இரவு ஒரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது.

இதில் மட்டும் கறாராக இருங்கள். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவ வயதில் உறக்கம் வருவதே இயல்பாகத் தள்ளிப்போகும். செல்போன் அதை இன்னும் தள்ளிவிடுகிறது. எல்லோருடைய செல்போனும், உங்களுடையதும்தான், படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். ‘அலாரம் வேண்டுமே’ என்பார்கள். ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ மாணவன். ஐந்து நிமிடம் ரீல்ஸ் பார்க்கலாம் என்று எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. எனக்கு மனவலிமை இல்லையா?

அப்படி நினைக்காதே தம்பி. அடுத்து என்ன வருமென்று தெரியாத ஆவலும், முடிவே இல்லாமல் நகரும் திரையும் சேர்ந்து உன்னைப் பிடித்து வைக்கின்றன. பெரியவர்களே இதில் தடுமாறுகிறார்கள். அறிவிப்புகளை அணைத்துவை. தேர்வு முடியும்வரை அந்தச் செயலியை நீக்கிவிடு.

கேள்வி: மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

பள்ளிக்குப் போக மறுத்தால், சாப்பாடும் தூக்கமும் குலைந்தால், செல்போனைத் திருப்பி வாங்கும்போது அடிக்கக் கைநீட்டினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வோ கவனக் குறைபாடோ அடியில் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால், மிரட்டல் என்று ஒதுக்காமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.