வீட்டை அடகு வச்சு எம்பிபிஎஸ் வேண்டாம் அக்கா

அக்கா, வெள்ளவத்தை வீட்டை பாங்கில வச்சு மகளை வெளிநாட்டுக்கு மெடிசின் படிக்க அனுப்பவோ எண்டு கேட்டிருந்தீங்கள். ஏ.எல். சோதனையில எடுத்த இசட் ஸ்கோர் இங்க மெடிசினுக்குப் போதாமப் போன கவலை விளங்குது, ஆனா நேராவே சொல்றன், அனுப்பாதீங்கோ. அங்க முடிச்சு வந்தாலும் இங்க வேலை செய்ய மெடிக்கல் கவுன்சில் வைக்கிற பதிவுச் சோதனை பாஸ் பண்ணோணும், அதுவரைக்கும் லோன் வட்டி ஓடும், லண்டன்ல இருந்து போன் எடுத்து டொக்டராக்கு எண்டு சொல்ற மாமா அதைக் கட்டப்போறேல்ல.

பிள்ளை என்னோட கதைக்கேக்க ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. கொத்தல ஹிம்புட்டு எண்ட மூலிகை குடிச்சா சுகர் குறையுதெண்டு சொல்லினமே, அது எப்பிடி எண்டுதான் திரும்பத் திரும்பக் கேட்டா. அந்தக் கேள்விதான் ஒரு தொழிலே, செடியில இருந்து மருந்து தேடுற கெமிஸ்ட் வேலை! அந்தச் செடியில இருக்கிற சலசினோல் எண்ட பொருள், குடல்ல மாப்பொருளை குளுக்கோஸா உடைக்கிற என்சைமைத் தடுக்குது, ஜப்பான்காரர் அதை 1997ல பிரிச்செடுத்துக் காட்டினவை. எங்கட வீட்டு முத்தத்து நித்தியகல்யாணி இலையையும் 1950கள்ல கனடாவில சுகருக்கெண்டுதான் சோதிச்சவை, எலிகளுக்கு வெள்ளை அணு குறைஞ்சதைக் கண்டு அந்த வழியில போய்த்தான் வின்பிளாஸ்டின் வந்தது, இண்டைக்கும் அது கேன்சர் மருந்து.

வேலை எப்பிடியெண்டா, இலையை நிழல்ல காயவச்சு அரைச்சு மெத்தனோல்ல ஊறப்போட்டு வடிச்சு, மெத்தனோலை ஆவியாக்கினா கரும்பச்சையா ஒரு பசை மிஞ்சும். அதை 96 குழி பிளேட்டில என்சைமோடயும், என்சைம் உடைச்சா மஞ்சளாகிற ஒரு பொருளோடயும் விடுவினம், மஞ்சள் நிறம் வராட்டி என்சைம் மறிபட்டிட்டுது. கேன்சர் செல்லுக்கு எம்டிடி டெஸ்ட், உயிரோட இருக்கிற செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், ஊதா குறைஞ்சா செல் செத்திருக்கலாம். ஆனா நல்ல செல்லையும் சேர்த்துக் கொன்றா அது வெறும் நஞ்சு, அதால ரெண்டிலயும் போட்டுப் பாக்கோணும், பிளேட்டில வேலை செய்யிறதெல்லாம் மருந்தாகிறதும் இல்லை. பொறுமை வேணும், உங்கட பிள்ளைக்கு அது நிறைய இருக்கு.

கம்பஸ்ல பயோ சயன்ஸ் கிடைச்சா யோசிக்காமச் சேருங்கோ, காசில்லாத படிப்பு. கிடைக்காட்டி ராஜகிரியவில இன்ஸ்டிடியூட் ஒஃப் கெமிஸ்ட்ரி நடத்துற நாலு வருஷ கெமிஸ்ட்ரி படிப்பு இருக்கு, எங்கட ஆக்களில கனபேர் அதை எட்டியும் பாக்கிறேல்ல. தொடக்கச் சம்பளம் டொக்டர் சம்பளமில்லை, அதை மறைக்க மாட்டன். ஆனா ரத்மலானை அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம், ஐடிஐ எண்ட அரச கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் மாதிரி இடங்களில கெமிஸ்ட்டுக்கு வேலை இருக்கு, பிஎச்டிக்கு ஸ்டைபண்ட், அதாவது மாதாமாதம் படிப்புக் காசு, தாற இடத்துக்குத்தான் போகோணும், கைக்காசு போட்டுப் போகவே கூடாது.

இந்தக் கிழமையே பிள்ளையோட ராஜகிரியவுக்குப் போய் பீஸ் விபரம் எழுதி வாங்குங்கோ, அங்க கேக்கிறதை அவவே கேக்கட்டும்.