ஜப்பானியம் தெரியாமல் மங்கா விமர்சனம் எழுதலாமா?

கேள்வி: "சின்ன வயதில் லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். இப்போது ஜப்பானியக் காமிக்ஸான மங்காவும், போனில் படிக்கும் கொரியக் காமிக்ஸான வெப்டூனும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கிறேன். விமர்சனம் எழுத ஆசை. எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கமாகவே வருகிறது. ஜப்பானியமோ கொரியமோ தெரியாத நான் மொழிபெயர்ப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா? ரசிகர்கள் இணையத்தில் போடும் மொழிபெயர்ப்பை வைத்து எழுதலாமா? விமர்சனத்தில் படங்களைச் சேர்த்தால் சட்டச் சிக்கல் வருமா?" (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

தாராளமாக எழுதலாம். உங்கள் கையில் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தில் வரைந்தவர், மொழிபெயர்த்தவர், வசன பலூனுக்குள் எழுத்துகளை அமைத்தவர் என்று குறைந்தது மூன்று பேரின் வேலை கலந்து கிடக்கிறது. அதில் வசனம்தான் வேறு மொழியிலிருந்து வடிகட்டி வந்திருக்கிறது. படம் ஏறக்குறைய அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே படத்தைப் பற்றித் தைரியமாகப் பேசுங்கள். வசனத்தைப் பற்றி ஆதாரம் காட்டிப் பேசுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வசனம் கூர்மை என்று ஒரு பத்தி புகழ்வார்கள், அந்தக் கூர்மை யாருடையது என்று யோசிப்பதில்லை. படத்துக்குக் கிடைப்பது 'ஓவியங்கள் அருமை' என்று ஒரே வரி.

கதைச் சுருக்கமாக வருவதற்கும் காரணம் இதுதான். பலூனுக்குப் பலூன் தாவிப் படித்தால் நினைவில் தங்குவது கதை மட்டுமே. ஒரு அத்தியாயத்தை முதலில் உங்கள் இஷ்டத்துக்குப் படித்து முடியுங்கள். இரண்டாம் முறை வசனத்தைத் தொடாமல் கட்டங்களை மட்டும் பாருங்கள்: எந்தக் கட்டம் பெரிது, எங்கே பின்னணி காணாமல் போகிறது, எங்கே பேச்சே இல்லாமல் கதை நகர்கிறது. விமர்சனத்துக்கு வேண்டிய குறிப்புகளில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். (போகிற போக்கில் ஒன்று: 'மாங்கா' என்று நெடிலில் எழுதினால் ஊறுகாய் ஞாபகம் வருகிறது. ஜப்பானியரும் குறிலாகத்தான் சொல்கிறார்கள். மங்கா என்றே எழுதுங்கள்.)

மங்கா வலமிருந்து இடம் படிப்பது, கொரிய அச்சுப் புத்தகம் நம்மைப் போல இடமிருந்து வலம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய பதிப்பு கையில் கிடைத்தால்தான் கவனம் வேண்டும். 1988இல் மார்வெலின் எபிக் பிரிவு 'அகிரா' மங்காவை அமெரிக்காவில் கொண்டுவந்தபோது பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, வண்ணமும் பூசி வெளியிட்டது. இப்படித் திருப்புவது அப்போதைய வழக்கம். திருப்பினால் வாள்வீரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்களாகிவிடுவார்கள். இன்னொன்று: கிமோனோவில் இடது பக்கத் துணி மேலே வரவேண்டும். வலது பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. திருப்பிய பதிப்பில் ஊரே பிணக்கோலத்தில் நடமாடும்!

'பிளேட் ஆஃப் தி இம்மார்டல்' மங்காவை வரைந்த சாமுரா ஹிரோஆகி இப்படித் திருப்புவதை விரும்பவில்லை. அந்த நாயகனின் முதுகில் இருக்கும் ஸ்வஸ்திகம், திருப்பினால் நாஜிச் சின்னத்தின் திசைக்கு வந்துவிடும் என்ற சங்கடம் வேறு. டார்க் ஹார்ஸ் பதிப்பகம் கட்டங்களைத் தனித்தனியாக வெட்டி இடமிருந்து வலமாக மறுபடி அடுக்கியது. அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு 'பக்க அமைப்பு தடுமாறுகிறது' என்று எழுதினால் பழி சாமுரா தலையில் விழும். 2002இல் டோக்கியோபாப் நிறுவனம் வலமிருந்து இடமாகவே பெரிய அளவில் வெளியிடத் தொடங்கியபின் திருப்பும் வழக்கம் மெல்ல மறைந்தது.

மங்கா வரைபவர்கள் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்தே யோசிக்கிறார்கள். இடது பக்கத்தின் கீழ் மூலையில், கடைசிக் கட்டத்தில், ஒருவர் எதையோ பார்த்துத் திடுக்கிடுவார். என்ன பார்த்தார் என்பது தாளைத் திருப்பினால்தான் தெரியும். போனில் ஒற்றை ஒற்றைப் பக்கமாகத் தள்ளிப் படித்தால் இந்த வித்தை செத்துவிடுகிறது. இரண்டு பக்கத்துக்குப் பரந்த படமும் நடுவில் வெட்டுப்படுகிறது. போனைக் குறுக்கே பிடித்து இரட்டைப் பக்கமாக வைத்துப் படியுங்கள். டேப்லெட் இருந்தால் இன்னும் நல்லது.

வெப்டூனில் தாளும் இல்லை, திருப்பலும் இல்லை. 2000களின் தொடக்கத்தில் கொரியாவின் தௌம், நேவர் தளங்களில் வளர்ந்த இந்த வடிவத்தில், இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம்தான் நேரம். ஒரு கதவு திறக்கிறது. அப்புறம் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறோம், வெறும் கறுப்பு, இன்னும் கறுப்பு, கடைசியில் ஒரு கண். அந்தக் கறுப்பு எவ்வளவு நீளம் என்பது கலைஞரின் முடிவு. அதே தொடர் அச்சுக்கு வரும்போது கட்டங்களைப் பக்கத்துக்குள் மறுபடி அடுக்குவார்கள், கறுப்பு சுருங்கிவிடும். 'சோலோ லெவலிங்'கைப் புத்தகமாகப் படித்தவரும் போனில் படித்தவரும் ஒரே கதையை இரண்டு வேகத்தில் படித்தவர்கள். எதைப் படித்தீர்கள் என்று விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அது சுகோங் எழுதிய இணைய நாவலைத் தழுவியது, படங்களை வரைந்தவர் 2022இல் மறைந்த ஜாங் சுங்-ராக் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதைக்கும் படத்துக்கும் பாராட்டு பிரிந்து போய்ச் சேரும்.

தொடர் எங்கே வெளியானது என்று பார்க்காமல் விமர்சனம் எழுதாதீர்கள். ஷோனென் (சிறுவர்), ஷோஜோ (சிறுமியர்), செய்னென் (இளைஞர்), ஜோசெய் (பெண்கள்) என்பவை கதை வகைகள் அல்ல. அந்தப் பத்திரிகை யாரை வாசகராக நினைக்கிறது என்பதன் பெயர்கள். ஷோனென் என்றால் அடிதடி என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணம் போதும். ஹிரோஷிமா குண்டுவீச்சில் ஆறு வயதில் உயிர் தப்பிய நகஸாவா கெய்ஜியின் 'பேர்ஃபூட் கென்' 1973இல் தொடங்கியதும், 2003 முதல் 2006 வரை த்ரில்லரான 'டெத் நோட்' வந்ததும் ஒரே இதழில்தான்: சிறுவர்களுக்கான வாராந்தர ஷோனென் ஜம்ப். அந்த இதழில் ஒரு வாரத்துக்குச் சுமார் 19 பக்கம். வாசகர் வாக்கெடுப்பில் பின்தங்கினால் தொடரை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் ஒவ்வொரு 19 பக்கத்துக்கும் ஒரு கொக்கி, கொஞ்சம் முன்கதை நினைவூட்டல், சில சமயம் அவசர அவசரமாக ஒரு முடிவு. தொகுதியாகச் சேர்த்துப் படிக்கும்போது இது 'இழுவை'யாகத் தெரியும். குறையாகச் சொல்லலாம், தவறில்லை. எங்கிருந்து வந்த குறை என்பதையும் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்தில், 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று புதிய வாசகர்கள் கைவிடும் மங்காவும் நிறைய உண்டு. அஸுமா கியோஹிகோவின் 'யோட்சுபா'வில் ஒரு குட்டிப் பெண் வீட்டைச் சுற்றி வருவதே கதை. மோதல், அதன் தீர்வு என்று அளந்தால் இதில் பிடி கிடைக்காது. ஜப்பானில் கிஷோதென்கெத்ஸு என்றும் கொரியாவில் கி-சுங்-ஜொன்-க்யோல் என்றும் ஒரு நாலடி முறை இருக்கிறது, சீனக் கவிதையிலிருந்து வந்தது: தொடக்கம், வளர்ச்சி, எதிர்பாராத ஒரு திருப்பம், எல்லாம் சேர்கிற முடிவு. நாலு கட்டக் கார்ட்டூன்களில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். மோதலே இல்லாமல் மூன்றாம் அடியில் கதை எப்படிப் புரள்கிறது என்று கவனித்தால் எழுத விஷயம் கிடைக்கும்.

சரி, மொழிபெயர்ப்பு. 'மூலத்துக்கு உண்மையாக இருக்கிறது' என்ற வாக்கியத்தை மட்டும் எழுதாதீர்கள்; அதைச் சொல்ல உங்களிடம் மூலம் இல்லை. மூலம் தெரியாமலே கண்டுபிடிக்கக்கூடியவை வேறு நிறைய இருக்கின்றன. பாட்டியும் பள்ளிக்கூடப் பையனும் ரவுடியும் ஒரே ஆங்கிலம் பேசுகிறார்களா? ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடுவதால் பலூன்கள் உயரமாக, ஒல்லியாக இருக்கும். அதற்குள் ஆங்கிலத்தைத் திணித்து, ஒவ்வொரு சொல்லையும் உடைத்து உடைத்துப் போட்டிருக்கிறார்களா, அல்லது பலூனுக்கு ஏற்ற நீளத்தில் வசனத்தையே யோசித்து எழுதியிருக்கிறார்களா? ஓசைச் சொற்களை என்ன செய்தார்கள்? ஜப்பானிய மங்காவில் நிசப்தத்துக்கே 'ஷீ...ன்' என்று ஓர் ஓசை உண்டு, அதைப் படத்தின் பகுதியாகவே வரைவார்கள். சில பதிப்புகள் அழித்து ஆங்கிலத்தில் மறுபடி வரைகின்றன. சில, பக்கத்தில் பொடி எழுத்தில் பொருள் தருகின்றன. எனக்குப் பிடித்தது இரண்டாவது. முதலாவதில் படத்துக்கு மேல் இன்னொருவர் கை விழுகிறது.

இன்னொரு தடயம், முகமும் வசனமும் ஒட்டாமல் போவது. பையன் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறான், அவ்வளவுதான். அடுத்த கட்டத்தில் அவள் முகம் சிவந்து, பின்னணி முழுக்கப் பூவாகிறது. ஆங்கிலத்தில் படிப்பவர் 'என்ன ஆச்சு இவளுக்கு?' என்பார். மூலத்தில் அதுவரை குடும்பப் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிட்டவன், முதல்முறையாக வெறும் பெயரைச் சொல்லியிருப்பான். 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஒருநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கொரியத்தில் இது இன்னும் கறார்: மூத்தவனை ஆண் கூப்பிட்டால் 'ஹ்யோங்', பெண் கூப்பிட்டால் 'ஓப்பா'; ஒரு வயது வித்தியாசம் இருந்தாலும் பேச்சு நடை மாறும். ஆங்கிலப் பதிப்பு இவற்றை வைத்திருக்கிறதா, பெயராக மாற்றிவிட்டதா என்று இரண்டு வரி எழுதுங்கள்.

வசனத்தை நீங்கள் தமிழில் மேற்கோள் காட்டும்போதும் இது தலைதூக்கும். ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி விளிக்கப்படுவார்கள். நீங்கள் 'நீ'யா 'நீங்க'ளா என்று முடிவு செய்தாக வேண்டும். யார் மூத்தவர், எத்தனை நாள் பழக்கம் என்று படத்தையும் கதையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பெயர்களிலும் ஒரு கண் இருக்கட்டும். 'வன் பீஸ்' மங்காவில் வரும் ஸோரோ, விஸ் நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பில் 'ஸோலோ'. 'சோலோ லெவலிங்' நாயகன் சுங் ஜின்-வூ ஜப்பானியப் பதிப்பில் மிஸுஷினோ ஷுன் என்ற ஜப்பானியனாகவே ஆகிவிட்டான்.

எல்லாம் சேர்ந்து எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு புத்தகம் சொல்கிறேன்: கிம் கம்-சுக் என்ற கொரியக் கலைஞரின் 'கிராஸ்'. ஆங்கிலப் பதிப்புகளில் அவர் பெயர் கம் சுக் ஜாந்ரி-கிம். ஜானெட் ஹாங் மொழிபெயர்ப்பில் 2019இல் கனடாவின் டிரான் அண்ட் குவார்ட்டர்லி வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமையாக்கப்பட்ட லீ ஓக்-சுன் என்ற பெண்ணின் வாழ்க்கை. தூரிகையும் மையும் மட்டும், வண்ணம் கிடையாது. வன்முறை நடக்கும் இடத்தில் அவர் எதையும் வரைவதில்லை. கட்டங்கள் கறுத்துப் போகின்றன. வேறு பக்கங்களில் மரமும் புல்லும் வயலும் வந்து நிற்கும், பேச்சே இல்லாமல். இதற்கு விமர்சனம் எழுதினால், வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். ஏன் கறுத்தது, அந்த மரங்கள் எந்த இடத்தில் வருகின்றன என்பதற்கு மூன்று பத்தி கொடுங்கள். கொரியம் ஒரு எழுத்துக்கூடத் தெரிய வேண்டாம்.

ரசிகர் மொழிபெயர்ப்பை வைத்து எழுதாதீர்கள் என்பதே என் ஆலோசனை. அனுமதி இல்லாமல் ஏற்றப்பட்டவை என்பது ஒரு காரணம். விமர்சகருக்கு இன்னொன்றும் உண்டு: வேகத்துக்காகச் செய்தவை, சில நேரம் மூன்றாவது மொழி வழியாக வந்தவை, வசனத்தின் குறை யாருடையது என்று உங்களால் பிரிக்கவே முடியாது. காசும் பெரிதாக ஆகாது. ஷுஎய்ஷா நிறுவனம் 2019இல் தொடங்கிய மங்கா பிளஸ் செயலியில் பெரும்பாலான தொடர்களின் முதல் மூன்று அத்தியாயங்களும் கடைசி மூன்றும் இலவசம். விஸ் நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் சந்தா, 2018 டிசம்பரில் தொடங்கிய நாளிலிருந்தே இந்தியாவுக்கும் உண்டு. நேவரின் வெப்டூன் செயலியில் ஏராளமான தொடர்களை இலவசமாகப் படிக்கலாம். நீண்ட தொடர் என்றால் இரண்டு, மூன்று தொகுதியாவது படித்துவிட்டு, எதுவரை படித்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 1997இல் தொடங்கிய 'வன் பீஸ்' நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது. முழுக்கப் படித்த பிறகுதான் எழுதுவேன் என்றால் எழுதவே மாட்டீர்கள்.

படங்கள் விஷயத்தில், 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள்வதை மீறலாகக் கருதுவதில்லை. இத்தனை கட்டம் என்று சட்டம் எண்ணித் தரவில்லை. நீங்கள் எழுதும் கருத்துக்குத் தேவையான கட்டத்தை மட்டும் போடுங்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக முழு அத்தியாயத்தையோ, கதையின் கடைசித் திருப்பத்தையோ போடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் கலைஞர், மொழிபெயர்ப்பாளர், லெட்டரர் (எழுத்துகளை அமைத்தவர்), பதிப்பகம் ஆகிய பெயர்கள் வரட்டும். மங்காவில் அந்த விவரம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதாவது நம் பழக்கப்படி அட்டையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற பக்கத்தில்.