அந்தப் பட்டப்பெயர் எந்த வீட்டிலிருந்து வந்தது?

கேள்வி:

அன்புள்ள அக்கா,

கனடா, ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. கெட்டிக்காரி. பரதநாட்டியம் பழகுகிறாள், வருகிற ஆவணியில் அரங்கேற்றம். போன கிழமை அவளுடைய ஃபோனைச் சார்ஜில் போடும்போது ஒரு குறூப் கண்ணில் பட்டது. அவளும் மூன்று சிநேகிதிகளும் சேர்ந்து, வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பற்றி அதில் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'பேஸ்மென்ற்'. அவளுடைய ஜக்கற், பேசுகிற இங்கிலிஷ், எண்ணெய் வைத்த தலை எல்லாவற்றுக்கும் நக்கல். பின்னால் நின்று களவாக எடுத்த படங்களும் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரம் அவள் போய் லைப்ரரியில் இருக்கிறாளாம், அதற்கும் ஒரு சிரிப்பு.

இந்த நாலு பேரும் 'மீன் கேர்ள்ஸ்' (Mean Girls, பொல்லாத பெட்டைகள்) என்ற ஆங்கிலப் படத்தை எத்தனை தரம் பார்த்தார்கள் என்று கணக்கில்லை. அதில் வருகிற மாதிரியே புதன்கிழமைகளில் பிங்க் உடுப்புத்தான் போடுவார்கள். அந்தப் படம்தான் இவளைக் கெடுத்தது. அந்தப் பிள்ளையின் குடும்பம் போன வருசம்தான் ஊரிலிருந்து வந்தது, எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பேஸ்மென்ற்றில் இருக்கிறார்கள். எங்களோடு அவ்வளவு பழக்கமில்லை, கோயிலில் கண்டால் சிரிப்பதோடு சரி. எங்கள் வீட்டில் ஒருவரையும் குறைவாகக் கதைப்பதில்லை. படத்தை நிற்பாட்டுவதா, ஃபோனைப் பறிப்பதா? பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் இவளுடைய எதிர்காலம் என்னாகும்?

ஒரு தாய்

பதில்:

தங்கச்சி, இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வருசத்துக்குப் பத்தாவது வரும். பத்திலும் பிள்ளை கெட்டிக்காரி. பத்திலும் அவளைக் கெடுத்தது வேறு யாரோ. முந்தி சிநேகிதிகள் கெடுத்தார்கள், பிறகு ரிவி கெடுத்தது, பிறகு ஃபோன். உங்கள் கையில் இருபது வருசத்துக்கு முந்திய படம் ஒன்று அகப்பட்டிருக்கிறது.

"பயப்படாதேங்கோ, இந்த வயதில் இப்படித்தான்" என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் குடும்பம் பேஸ்மென்ற்றில் இருக்கிறது என்று உங்கள் மகளுக்கு யார் சொன்னது?

பள்ளிக்கூடத்துக்கு யாரும் விலாசத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு போவதில்லை. லைப்ரரியில் தனியாக இருக்கிற பிள்ளை, "நான் நிலத்துக்குக் கீழே இருக்கிறேன்" என்று உங்கள் மகளிடம் வந்து சொல்லியிருக்காது. வீட்டுக்கு அழைத்திருக்கவும் மாட்டாது. பழக்கமில்லை, கோயிலில் சிரிப்பதோடு சரி என்கிறீர்கள். ஆனால் அவர்கள் எந்த வருசம் வந்தார்கள், எந்தத் தெரு, அதிலும் மேலா கீழா என்பது வரை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததோடு நிற்கவில்லை. கேட்காமலே எனக்கும் எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி வழி கேட்கிற கடிதத்துக்கு அந்த விபரம் எதற்கு? ஐந்து வரிக்கு மேலே மகளின் வாயில் அந்தச் சொல்லைக் கண்டு பதறிய நீங்கள், ஐந்து வரிக்குக் கீழே அதே சொல்லை எழுதிவிட்டு, ஒரு வசனம் தள்ளி எங்கள் வீட்டில் ஒருவரையும் குறைவாகக் கதைப்பதில்லை என்கிறீர்கள்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். கோயிலால் வரும்போது காரில் நீங்களும் அவரும் கதைத்திருப்பீர்கள். "ஆர் அது, அந்த நீலச் சீலைக்காரி?" "அது, பின் தெருவில பேஸ்மென்ற்றில இருக்கிற ஆக்கள்." குரலில் கோபம் இருந்திராது, வெறுப்பும் இருந்திராது. அதுவும் ஒரு அடையாளம் மாதிரி. பின் சீற்றில் ஒரு பிள்ளை காதில் வயரைச் செருகிக்கொண்டு இருந்திருக்கும். வயர் காதில் இருந்தால் பாட்டுப் போகிறது என்று நினைக்கிறோமே, அது எங்கள் மடத்தனம்.

சரி, படத்துக்கு வருவோம். என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தப் படத்தின் டிவிடி எங்கள் வீட்டில் கிடந்தது. அட்டையைப் பார்த்த என் மாமி, "மீன்காரப் பெட்டையளின்ர படமோ பிள்ளை?" என்று கேட்டது இன்றைக்கும் வீட்டில் பகிடி. உங்கள் கடிதம் வந்த பிறகு சனிக்கிழமை இரவு திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

அது 2004 இல் வந்தது. அதற்கு மூலம் ஒரு நாவல் என்று நினைத்துவிடாதீர்கள். ரோசலிண்ட் வைஸ்மன் என்பவர் 2002 இல் எழுதிய நூல், பெண் பிள்ளைகள் கூட்டம் சேர்ந்து ஒருத்தியை ஒருத்தி எப்படி வதைக்கிறார்கள் என்று தாய் தகப்பனுக்கு விளக்குகிற நூல். அதில் கதையே கிடையாது. நகைச்சுவை நடிகை ரீனா ஃபே அதை வைத்துக்கொண்டு கதை கட்டி, கணக்கு ரீச்சராகத் தானும் நடித்தார். அதாவது தங்கச்சி, தடை செய்யலாமா என்று நீங்கள் கேட்கிற படம், உங்களைப் போன்றவர்கள் வாசிக்க எழுதப்பட்ட புத்தகத்தில் இருந்து வந்தது. மகள் எத்தனை தரம் பார்த்தாள் என்று கணக்கில்லை என்கிறீர்கள். நீங்கள் ஒரு தரம் பார்த்தீர்களா?

பார்த்தால் ரெஜினாவின் தாயைக் கவனியுங்கள். ரெஜினா என்பவள் அந்தக் கூட்டத்தின் தலைவி. தாய் மகளின் சிநேகிதிகளுக்குத் தட்டில் குடிக்கக் கொண்டுவந்து கொடுத்து, தானும் அவர்களில் ஒருத்தி மாதிரிக் குழைவா. அதே வீட்டில் ரெஜினாவின் சின்னத் தங்கச்சி ரிவிக்கு முன்னால் நின்று, அதில் ஆடுகிறவளைப் பார்த்து அப்படியே இடுப்பை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. சில விநாடிக் காட்சி, தியேட்டரில் எல்லாரும் சிரித்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை.

வெளிநாட்டில் வளர்ந்து புதிதாகப் பள்ளிக்கு வருகிற கதாநாயகியின் பெயர் கேடி. முதல்நாள் தன் சாப்பாட்டைக் கழிப்பறைக்குள் கொண்டுபோய் வைத்துச் சாப்பிடுகிறாள். உங்கள் மகளுக்கு இந்தக் காட்சி மனப்பாடமாக இருக்கும். லைப்ரரியில் இருக்கிற பிள்ளையைப் பார்க்கும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை. பிங்க் உடுப்பை எடுத்துக்கொண்டாள், மற்றதை விட்டுவிட்டாள். கேடியாவது வெள்ளைக்காரி, வடிவானவள், அதனால் தலைவியே கூப்பிட்டுத் தங்கள் மேசையில் இருத்தினாள். ஊரிலிருந்து வந்த, எண்ணெய் வைத்த தலைக்கு எந்த மேசை?

இன்னொன்று. கதை நடப்பது இலினோய் மாநிலத்தின் எவன்ஸ்டனில் என்று சொன்னாலும் பெரும்பகுதி எடுத்தது எங்கள் ரொறன்ரோவில். கணக்குப் போட்டிக் குழுவின் தலைவனாக வந்து ராப் பாடுகிற பொடியன் ரஜீவ் சுரேந்திரா, இலங்கையிலிருந்து வந்த தமிழ்த் தாய் தகப்பனுக்கு இங்கே பிறந்த பிள்ளை. படத்தில் அவனுக்கு வைத்த பெயர் கெவின் ஞாபூர். அது எந்த ஊர்ப் பெயர் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவன் வருகிற காட்சியில் உங்கள் மகளும் "எங்கட ஆள்" என்று துள்ளியிருப்பாள். திரையில் வந்தால் எங்கட ஆள், பக்கத்து மேசைக்கு வந்தால் பேஸ்மென்ற்.

நான் 1988 இல் இங்கே வந்தேன். நாலு வருசம் பேஸ்மென்ற்றில் இருந்தோம். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் இருக்கும் அறைக்குப் பக்கத்தில் படுக்கை, இரவில் அது ஒவ்வொரு தரம் பற்றும்போதும் குழந்தை திடுக்கிட்டு எழும்பும். நிலமட்டத்தில் ஒரே ஒரு ஜன்னல், ஆட்களின் செருப்பும் சப்பாத்தும்தான் தெரியும், மாசியில் அதுவும் பனியில் மூடிவிடும். என் மனுசன் உயரமானவர், வளையில் தலை இடிக்கும் என்று குனிந்து குனிந்து நடந்து, வெளியே வந்தாலும் கொஞ்ச நேரம் குனிந்தபடிதான் நடப்பார். மேலே இருந்தவர்களும் தமிழர்தான், எங்களுக்கு இரண்டு வருசம் முந்தி வந்தவர்கள். ஆட்கள் வந்தால் அந்த அம்மா எங்களை அறிமுகப்படுத்துவா: "இது கீழ இருக்கிற ஆக்கள்." பெயர் சொன்னதே இல்லை. நல்ல மனுசி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துத் தருவா. ரசத்தின் ருசி மறந்துபோயிற்று, அந்தச் சொல் மறக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் அப்படி ஒரு ஜன்னலுக்குக் கீழே படுத்துத்தான் எழும்பியிருப்பார்கள். உங்கள் மனுசனைக் கேளுங்கள், உங்கள் மாமியைக் கேளுங்கள். மகளுக்கு அது தெரியுமா? நாட்டியத்துக்கு இத்தனை டொலர், ஆடைக்கு இத்தனை, அணிசெய் கலைஞருக்கு இத்தனை என்று கணக்குப் பார்க்கிறோம். எங்கே படுத்து எழும்பினோம் என்று சொல்ல மட்டும் வெட்கம். பிள்ளைக்கு எங்கள் வெட்கம்தான் சீதனமாகப் போகிறது.

இனி செய்ய வேண்டியது. படத்தைத் தடுக்காதீர்கள், கூட இருந்து பாருங்கள். ஃபோனைப் பறித்தால் மற்ற மூன்று ஃபோனிலும் அது தொடரும், உங்கள் மகள் எதையும் நிறுத்தியதாக ஆகாது. அவளே அந்தக் குறூப்பில், மற்ற மூன்று பேருக்கும் முன்னால், இதை நிற்பாட்டுகிறேன், படங்களை அழியுங்கள் என்று எழுத வேண்டும். அதற்கு அவளுக்குப் பயம் இருக்கும், நியாயமான பயம்தான். ரெஜினாவையே, உடுப்பு விதியை மீறினாள் என்று அவள் மேசையில் இருந்தவர்கள் எழுப்பி விடுகிறார்கள், உங்கள் மகளுக்குத் தெரியாத கதையா?

ஆனால் அதற்கு முதல் நீங்கள் கதைக்க வேண்டும். காரில் கதையுங்கள், முகம் பார்க்கத் தேவையில்லாத இடம். "ஏன் இப்படிச் செய்தாய்" என்று தொடங்காதீர்கள். "அந்தச் சொல்லை வீட்டுக்குள்ள கொண்டுவந்தது நான்" என்று தொடங்குங்கள். தாய் பிள்ளைக்கு முன்னால் தலை குனிந்தால் மரியாதை போய்விடும் என்று சில பேர் எனக்கு எழுதுவார்கள். எழுதட்டும். பிழையை ஒத்துக்கொள்கிற தாயை ஒரு தரமாவது பார்க்காத பிள்ளை, மன்னிப்புக் கேட்க எங்கே போய்ப் பழகும்?

எதிர்காலம் என்னாகும் என்று கேட்டீர்கள். அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்: ஒன்ராறியோவில் ஃபோன் வழியாகச் செய்வதும் துன்புறுத்தல்தான் என்று 2012 இலேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள், பள்ளியிலிருந்து இடைநிறுத்தம் வரை போகலாம். அந்தத் தாய் பள்ளிக்கூடத்தில் முறையிட்டால் அது அவவின் உரிமை. ஆள் விட்டுத் தடுக்கவோ, "ஒரே ஊர் ஆக்கள்தானே" என்று மழுப்பவோ போகாதீர்கள்.

மன்னிப்பைக் கூட்டத்தில் கேட்க வைக்கவும் வேண்டாம். படத்தில் ஜிம்முக்குள் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஒவ்வொருத்தியாக மன்னிப்புக் கேட்க வைப்பார்கள். முடிவில் அது கைதட்டும் கூச்சலுமாகப் போய், ஒருத்தி கோபித்துக்கொண்டு வெளியே ஓட, பஸ் வந்து அடிக்கும். அந்தக் கூட்டம் எல்லாரையும் பழித்து எழுதி வைத்த கொப்பி ஒன்று இருக்கிறது, கணக்கு ரீச்சரைப் பற்றியும் அதில் பொய் எழுதியிருந்தார்கள்; கேடி அதன் முழுப் பொறுப்பையும் தன் தலையில் ஏற்ற பிறகுதான் ரீச்சரின் பெயர் தப்புகிறது. (கேடியை வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று தண்டித்த தகப்பன், அப்படித் தண்டித்தால் வெளியே விடக்கூடாது என்பதே தெரியாமல் விட்டுவிடுவார். அந்த மனுசனைப் பார்த்து மட்டும் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.)

ஆகவே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஞாயிறு பின்னேரம் நல்ல நேரம், வேலைக்குப் போகிறவர்கள் அன்றுதான் வீட்டில் இருப்பார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாயிடம் நீங்கள் கேளுங்கள், பிள்ளையிடம் மகள் கேட்கட்டும், அந்தப் பிள்ளை பேசாமல் இருந்தால் பேசாமல் இருக்கட்டும், "பரவாயில்லை" என்று சொல்ல வைக்காதீர்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். அரங்கேற்ற அழைப்பிதழை அன்றைக்குக் கொண்டுபோக வேண்டாம், லஞ்சம் மாதிரி இருக்கும். பிறகொரு நாள் கொடுங்கள், கவரில் அவர்களின் பெயரை முழுதாக எழுதி.

இன்னொரு விசயம், எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் செய்த பிழை. முன்கதவு மணியை அடிக்காதீர்கள், அது மேலே இருப்பவர்களுடையது. அவர்கள் முகம் சுளித்துக்கொண்டு கீழே போய்ச் சொல்லுவார்கள். கராஜுக்குப் பக்கத்தால் போனால் சின்னக் கதவு ஒன்று இருக்கும். அதைத் தட்டுங்கள்.